கொடிமலை இரயிலும் எதிர்எடைக் கணக்கும்



ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடிகள் எழும்போது உச்சியில் நிற்கும் பாரந்தூக்கியை மாணவர்கள் வியந்து பார்ப்பர். "ஐயா, அது ஏன் கவிழவில்லை?" என்பர். அதற்கான விடை நம் ஊர்க் கொடிமலையிலேயே இருக்கிறது என்பேன்.

1788-இல் பிரான்சிஸ் லைட் இம்மலைக்குப் பாதை அமைத்தார். பின்னர்ச் செல்வர்களும் அதிகாரிகளும் மட்டக்குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலோ மேலே சென்றனர். ஒருவர் குளிர்காற்று வாங்கப் பலர் வியர்வை சிந்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த முதல் இருப்புப்பாதை பயன்படாமற் போயிற்று. பிறகு பொறியாளர் அர்னோல்டு ராபர்ட் ஜான்சன் வடிவமைத்த பாதை 1923-இல் திறக்கப்பட்டது.

இதன் நுட்பம் எளிது. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரு பெட்டிகள். ஒன்று ஏற, மற்றொன்று இறங்கும். நடுவில் விலகிச் செல்ல இரட்டைப் பாதை உண்டு.

வகுப்பில் நான் தரும் கணக்கு இது. பெட்டியின் எடை 12 டன் என்று கொள்வோம். நேர்குத்தாகத் தூக்கினால் 12 டன் எடைக்கு ஈடான விசை வேண்டும். 3 மீட்டர் தண்டவாளத்துக்கு 1 மீட்டர் உயரும் சரிவில், உராய்வு நீங்கலாக, 4 டன் போதும். இறங்கும் பெட்டியும் 12 டன் என்றால் அந்த 4 டன்னும் ஈடாகிவிடும். ஏறும் பெட்டியில் 60 கிலோ வீதம் 40 பயணிகள் இருந்து, இறங்கும் பெட்டி காலியாயின், மிகுதி 2,400 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 800 கிலோவுக்கு ஈடான விசையே மின்பொறி தரவேண்டியது. உராய்வையும் வடத்தின் எடையையும் இதனுடன் சேர்க்க வேண்டும். புறப்படும்போது வடத்தின் பெரும்பகுதி ஏறும் பெட்டியின் பக்கம் தொங்குவதால் சுமை அப்போது கூடும், நடுவழியில் சமனாகும், பின்னர் அதுவே இழுக்க உதவும்.

பாரந்தூக்கியிலும் இதே தத்துவந்தான். 40 மீட்டர் தொலைவில் 2 டன் தொங்கினால் திருப்புத்திறன் 80. பின்புறம் 10 மீட்டரில் 8 டன் கற்காரைப் பாளம் வைத்தால் அதுவும் 80. தொலைவு கூடினால் தூக்கும் எடையைக் குறைத்தே ஆகவேண்டும். இக்கணக்கு தவறினால் விழுவது இரும்பு மட்டுமன்று. கீழே நிற்கும் தொழிலாளியின் குடும்பமும் அன்றோ!

2011 முதல் புதிய பெட்டிகள் ஓடுகின்றன. முன்பு நடு நிலையத்தில் மாறி ஏறி அரைமணி நேரம் சென்ற பயணம் இன்று பத்து நிமிடங்களுக்குள் முடிகிறது. எனினும் இரு பெட்டிகள் ஒன்றையொன்று தாங்கும் முறை மாறவில்லை.

விசை, சரிவு, எதிர்எடை ஆகியவை தேர்வுக்கான சொற்கள் மட்டுமல்ல. மனிதன் தோளிலிருந்து மனிதனை இறக்கி வைத்தவை அவை. அடுத்த முறை பிள்ளைகளுடன் மலையேறும்போது, எதிரே இறங்கும் பெட்டியைக் காட்டி, "நம்மை மேலே தூக்குவது எது?" என்று கேட்டுப் பாருங்கள்.