உதடு, அண்ணப் பிளவு

கருவில் முகப்பகுதிகள் முழுமையாக இணையாததால், மேலுதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் குழந்தை பிறக்கும் பிறவிக் குறைபாடு. உதடு கருவின் 4–7 வாரங்களிலும் அண்ணம் 6–9 வாரங்களிலும் உருவாகின்றன. மரபணுக்கள், தாயின் புகைப்பழக்கம், நீரிழிவு, சில வலிப்பு மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். கிரகண வேளையில் கர்ப்பிணி வெளியே வந்ததால் நேர்ந்தது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

முதன்முறை பார்ப்பவர் திடுக்கிடலாம். ஆனால் தாயைப் பழிப்பதும், குழந்தையை மறைத்து வளர்ப்பதும் சிகிச்சையைத் தாமதமாக்கும் கொடுமைகள். இக்குறைபாட்டால் பால் உறிஞ்சுதல், பேச்சு, செவித்திறன் பாதிக்கப்படலாம். உதட்டுக்குப் பொதுவாக 3–6 மாதங்களிலும், அண்ணத்துக்கு 18 மாதங்களுக்குள்ளும் அறுவை சிகிச்சை செய்யப்படும்.

2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் இதற்குச் சிகிச்சை இலவசம். தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர்ப் பகுதிப் பெற்றோர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம்.