ஜீப் யாருடையது?

பேருந்து, சீருந்து, சரக்குந்து, மிதிவண்டி என்று வாகனங்களுக்கெல்லாம் தமிழ் பெயர் சூட்டிக்கொண்ட காலத்தில் ஒன்று மட்டும் அந்த வரிசைக்கு அகப்படாமல் நழுவிவிட்டது. ஜீப்புக்குத் தமிழ்ச்சொல் காணும் முயற்சிகள் எவையும் மக்கள் வழக்கில் வேர்பிடிக்கவில்லை. வட்டாட்சியர் வந்திறங்கும் பொலிரோ நமக்கு ஜீப். காவல் நிலைய வாசலில் நிற்கும் சுமோவும் ஜீப். மலைச்சாலையில் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு முனகும் பெயர் தெரியாத பழைய வண்டியும் ஜீப்தான். சட்டப்படி இவற்றுள் எதுவும் ஜீப் அன்று. ஜீப் என்பது இன்று ஸ்டெல்லாண்டிஸ் என்னும் பன்னாட்டு நிறுவனத்துக்கு உரிய வணிகப் பெயர்.

வணிகப் பெயர் பொதுப்பெயராக மாறுவது நாம் அறிந்த ஒன்றே. நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்கிறோம். எந்த வனஸ்பதியும் டால்டா எனப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஜீப்பின் வரலாறோ தலைகீழானது. முதலில் அது பொதுப்பெயர். பிறகே ஒரு நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஊர்ப் புறம்போக்கில் இருந்த குளத்துக்கு ஒருவர் பட்டா வாங்கிக்கொண்டதைப் போன்றது அது. அந்தக் குளத்தை வெட்டியவர்கள் யார் என்று கேட்டால், விடை அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் என்னும் சிற்றூருக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஜெர்மானியப் படையின் வேகம் கண்டு அமெரிக்க ராணுவம் திடுக்கிட்டு விழித்தது. குதிரைக்கும் பக்கவண்டி பொருத்திய மோட்டார் சைக்கிளுக்கும் மாற்றாக, நான்கு சக்கரங்களும் இயங்கும் சிறிய உளவு வண்டி ஒன்று உடனே வேண்டும் என்று ஜூலையில் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. 49 நாளில் மாதிரி வண்டி. 75 நாளில் 70 வண்டிகள். எடை 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோவுக்குள். இந்த நிபந்தனைகளைப் பார்த்துப் பெரிய நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. முன்வந்தவை இரண்டே. ஒன்று ஒஹையோவின் டொலிடோ நகரத்து வில்லிஸ் ஓவர்லாண்ட். மற்றொன்று பட்லரின் அமெரிக்கன் பேண்டம்.

பேண்டம் அப்போது ஏறக்குறைய மூடப்பட்ட ஆலை. ஆஸ்டின் செவன் என்னும் பிரிட்டிஷ் சிறு காரை உரிமம் பெற்று அமெரிக்காவில் விற்க முயன்று நொடித்துப்போன நிறுவனத்தின் மறுபிறவி அது. பெரிய கார்களை விரும்பிய நாட்டில் குட்டிக் கார் விற்க முனைந்தால் வேறென்ன நேரும்? வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர்கூட அங்கே எஞ்சியிருக்கவில்லை. டெட்ராய்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற தனிப் பொறியாளரை அழைத்து வந்தார்கள். ஒப்பந்தம் கிடைத்தால் மட்டுமே ஊதியம். ஜூலை 17 அன்று வரையத் தொடங்கியவர் இரண்டே நாளில் முழு வண்டியின் வரைபடங்களையும் முடித்தார். 590 கிலோவுக்குள் அப்படியொரு வண்டி இயலாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் விண்ணப்பத்தில் நிபந்தனைக்குள் அடங்கும் எடையையே குறித்தார்கள். வாய்ப்பு முதலில் கிடைக்கட்டும், எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவு!

வில்லிஸ் கேட்ட விலை குறைவு. ஆனால் 49 நாள் அதற்குப் போதாது. ஆகவே ஒப்பந்தம் பேண்டமுக்கு வந்தது. ஆலை மேலாளர் ஹரால்ட் கிரிஸ்டும் ஒரு சிறு குழுவும் வண்டியைக் கையால் கட்டினார்கள். கெடு செப்டம்பர் 23, மாலை 5 மணி. ப்ராப்ஸ்டும் கிரிஸ்டும் அந்த ஒற்றை வண்டியைப் பட்லரிலிருந்து மேரிலாந்தின் ஹோலபேர்ட் முகாம் வரை சாலை வழியாகவே ஓட்டிச்சென்று, கெடுவுக்கு அரைமணி நேரம் முன்பாக ஒப்படைத்தார்கள். எடை 830 கிலோவைத் தாண்டியிருந்தது. பள்ளத்தில் சிக்கினால் இரண்டு பேரால் தூக்க முடிந்தால் போதும் என்று கூறிய உடல்வலிமை மிக்க ஓர் அதிகாரி, வண்டியின் பின்புறத்தைத் தாமே தூக்கிப் பார்த்துத் தலையசைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், ராணுவம் தன் எடை நிபந்தனையைப் பின்னர் 2,160 பவுண்டு வரை தளர்த்தியது.

அடுத்து நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் நெருடலான பகுதி. ஹோலபேர்ட் சோதனைக்களத்தில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களின் பொறியாளர்கள் பேண்டம் வண்டியைச் சுற்றி வந்து பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். அதன் வரைபடங்களும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. வடிவம் அரசின் உடைமை என்பது ராணுவத்தின் வாதம். அந்த நவம்பரிலேயே வில்லிஸின் ‘க்வாட்’, ஃபோர்டின் ‘பிக்மி’ என இரு மாதிரிகள் வந்து நின்றன. பேண்டமின் உருவச்சாயலை இரண்டிலும் காண முடிந்தது. மூன்று நிறுவனங்களுக்கும் தலா 1,500 வண்டிகளுக்கு ஆணை கிடைத்தது. 1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கான பெரிய ஒப்பந்தத்தை வில்லிஸ் வென்றது. பின்னர் அதே வடிவத்தில் கட்டித்தர ஃபோர்டும் சேர்க்கப்பட்டது. போர் முடிவதற்குள் வில்லிஸ் ஏறத்தாழ 3,60,000, ஃபோர்டு ஏறத்தாழ 2,80,000 வண்டிகளைக் கட்டின. பேண்டம் கட்டியவை 3,000க்கும் குறைவு. ஜீப்பின் பின்னால் இழுத்துச்செல்லும் சிறு வண்டிகளைச் செய்யும் வேலை அதற்கு ஒதுக்கப்பட்டது. அது பிறகு காரே செய்யவில்லை.

ராணுவத்தின் முடிவை முற்றிலும் குறைகூறவும் இயலாது. உலகப்போருக்கு வேண்டிய லட்சக்கணக்கான வண்டிகளைப் பட்லரின் சிறு ஆலை ஒருபோதும் கட்டியிருக்க முடியாது. பார்னி ரூஸ் செம்மைப்படுத்திய வில்லிஸின் 60 குதிரைத்திறன் எஞ்சினும் மற்ற இரண்டையும்விட வலுவானது. எனினும், தேவை கருதி ஒருவரின் உழைப்பை எடுத்துக்கொள்வது வேறு. அவர் பெயரை மறந்துவிடுவது வேறு. சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் தொலைந்துபோக, அவர்கள் பாட்டில் அமைந்த உவமையே பெயராக நிற்பதை நாம் அறிவோம். செம்புலப்பெயனீராருக்கு அவர் படைப்பிலிருந்தாவது ஒரு பெயர் கிடைத்தது. ப்ராப்ஸ்டுக்கு அதுவும் இல்லை.

இனிப் பெயர். ‘பொதுப் பயன்பாடு’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளான ‘ஜி’, ‘பி’ இரண்டும் சேர்ந்து ஜீப் ஆயிற்று என்பது பரவலான விளக்கம். ஃபோர்டின் குறியீட்டில் ‘ஜி’ என்பது அரசு வண்டி. ‘பி’ என்பது முன்பின் சக்கரங்களுக்கு இடையே 80 அங்குல நீளம். எனவே அந்த விளக்கம் பொருந்தாது. வண்டி பிறப்பதற்கு முன்பே, புதிதாக வந்துசேரும் எதையும், வீரர்களையுங்கூட, ஜீப் என்று அழைக்கும் வழக்கம் ராணுவப் பட்டறைகளில் இருந்தது. 1936இல் பாப்பாய் சித்திரக்கதையில் ஈ.சி. சீகர் உருவாக்கிய யூஜீன் என்னும் விசித்திரப் பிராணியின் பங்கும் இதில் உண்டு. ‘ஜீப்’ என்ற ஒரே ஒலியை எழுப்பும் அது, எங்கு வேண்டுமானாலும் போகும். 1941இன் தொடக்கத்தில் வில்லிஸின் சோதனை ஓட்டுநர் இர்விங் ஹாஸ்மன், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துப் படிகளில் இவ்வண்டியை ஏற்றிக் காட்டினார். இதற்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, ஜீப் என்றார். காத்தரின் ஹில்யர் என்ற செய்தியாளர் அதை எழுத, நாடு முழுவதும் பரவிற்று. ஆக, பெயர் பட்டறைப் பேச்சிலிருந்து வந்தது. அதாவது யாரும் வைக்காத பெயர்.

போர்க்களத்தில் இவ்வண்டி பெற்ற அன்பு வியப்பளிப்பது. காயம்பட்டோரைச் சுமந்தது, தொலைபேசிக் கம்பி இழுத்தது, சக்கரம் மாற்றித் தண்டவாளத்தில் ரயில் பெட்டிகளையும் இழுத்தது. தட்டையான அதன் முன்மூடி சாப்பாட்டு மேசையாகவும், சீட்டாடும் பலகையாகவும், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுப் பீடமாகவும் பயன்பட்டது. என்னை மிகவும் கவர்ந்தது அதன் முகப்பு விளக்கு. கீல் மீது பொருத்தப்பட்ட அவ்விளக்கை அப்படியே உட்புறம் திருப்பினால் எஞ்சின்மீது ஒளி விழும். நள்ளிரவில், வனாந்தரத்தில், தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ள விளக்குப் பிடிக்கும் இயந்திரம்! கெட்டுப்போவேன் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கான வழியையும் தன்னிடமே வைத்திருந்தது அது. மூடிய பெட்டிக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவைக்கும் இன்றைய வாகனங்களோடு ஒப்பிட்டால் இதன் கவர்ச்சி விளங்கும். சாதாரணச் சுத்தியும் திருகுக்கருவியும் தெரிந்த எவரும் அதைத் தம்முடையது என்று உணர முடிந்தது. இதை அமெரிக்க வாசகரிடையே பெரிதும் புகழ்ந்தவர் எர்னி பைல் என்னும் போர்ச் செய்தியாளர். 1945 ஏப்ரலில் ஜப்பான் அருகே ஐயி தீவில் ஜீப்பில் செல்லும்போதுதான் எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளாகி அவர் இறந்தார்.

போர் முடிந்ததும் வில்லிஸ் அதே வண்டியைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. முன்முகத்தில் ஏழு நெடும் பிளவுகள். இன்று ஜீப்பின் அடையாளமாகக் காக்கப்படும் அந்த ஏழு பிளவுகளின் மூலம் வேடிக்கையானது. வில்லிஸ் முதலில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்தே முன்தடுப்பு செய்தது. ஒரே தகட்டை அழுத்தி வெட்டிப் பிளவுகள் உண்டாக்கும் மலிவான முறை ஃபோர்டுடையது. அதில் ஒன்பது பிளவுகள். விளக்கின் அளவு பெரிதானபோது ஒன்பது ஏழாயிற்று. ஆக, உடல் பேண்டமுடையது, இதயம் வில்லிஸினது, முகம் ஃபோர்டினது, பெயர் ஊராருடையது. ஜீப்பை உருவாக்கியவர் தாமே என்று விளம்பரம் செய்த வில்லிஸை அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் கண்டித்து, 1948இல் அவ்வாறு கூறக்கூடாது என்று தடுத்தது. ஆயினும் 1950இல் ஜீப் என்னும் பெயர் வில்லிஸின் வணிகக்குறியாகப் பதிவாயிற்று. படைத்தேன் என்று சொல்ல உரிமையில்லை, வைத்துக்கொள்ள உரிமையுண்டு. பிறகு 1953இல் கைசர், 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ், 1987இல் கிரைஸ்லர் என்று கைமாறிக் கைமாறி 2021இல் ஸ்டெல்லாண்டிஸிடம் வந்து சேர்ந்தது.

வடிவமோ பட்டாவைப் பொருட்படுத்தாமல் உலகெங்கும் பரவிற்று. 1948இல் வெளிவந்த பிரிட்டனின் லேண்ட் ரோவருக்கு முதல் மாதிரி, ஜீப்பின் சட்டகத்தின் மீதே கட்டப்பட்டது. டொயோட்டா 1951இல் செய்த வண்டியை முதலில் ஜீப் என்றே அழைத்து, எதிர்ப்பு எழுந்தபின் லேண்ட் குரூசர் ஆக்கியது. பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்கர் விட்டுச்சென்ற வண்டிகளை நீட்டி, வண்ணம் தீட்டி, ‘ஜீப்னி’ என்னும் நகரப் பேருந்தாக மாற்றிக்கொண்டார்கள்.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தது 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா அண்ட் முகமது நிறுவனம். கூட்டாளியான குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகச் சென்றுவிட, 1948இல் நிறுவனம் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. வில்லிஸின் உரிமத்தோடு பம்பாய் மசகானில் உதிரிப்பாகங்களை இணைத்து வண்டிகள் வெளிவந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய கொள்முதல் சர்ச்சையும் ஜீப்பைப் பற்றியதுதான். காஷ்மீர்ப் போருக்காக 1948இல் லண்டன் தூதரகம் வழியே புதுப்பித்த ஜீப்புகள் வாங்க ஒப்பந்தமாயிற்று. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய 155 வண்டிகள் பயன்படுத்தத் தக்கவையல்ல என்று கண்டறியப்பட்டது. நாடாளுமன்றத்தில் நெடுநாள் விவாதிக்கப்பட்ட அவ்விவகாரத்தை 1955இல் அரசு முடித்துவைத்தது.

அதன்பின் பல பத்தாண்டுகள் நம் ஊர்களில் ஜீப் என்றால் அரசு. புழுதி கிளம்பினால் வருவது கலெக்டரா, ஜப்தி செய்பவரா, தேர்தல் பிரசாரமா என்று ஊர் எட்டிப்பார்த்தது. உழைப்பவர் கைக்கும் அது பின்னர் வந்தது. போடியிலும் கம்பத்திலும் விடியுமுன் நின்று பாருங்கள். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் சோற்றுத்தூக்கோடு நெருக்கியடித்து ஏறுவது ஜீப்புகளில்தான். கொண்டை ஊசி வளைவுகளில் அளவுக்கு மீறிய பாரத்தோடு அவை ஏறி இறங்குகின்றன, விபத்துகளும் நேர்கின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையிலும் ஜீப்பே துணை. விளம்பரங்களில் வரும் சாகசம், இப்பெண்களுக்கு அன்றாடம்.

2018இல் மகிந்திரா தன் பழைய வடிவத்தை ‘ராக்சர்’ என்ற பெயரில் அமெரிக்காவில், டெட்ராய்டுக்கு அருகில் கட்டி விற்கத் தொடங்கியது. சாலையில் ஓட்டுவதற்கல்லாத பண்ணை வண்டி அது. ஜீப்பின் அன்றைய உரிமையாளரான ஃபியட் கிரைஸ்லர், தன் வடிவம் திருடப்பட்டதாக அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்திடம் முறையிட்டது. 2020 ஜூனில் ஆணையம் ராக்சருக்குத் தடை விதித்தது. மகிந்திரா முன்முகத்தை மாற்றி அமைத்தது. மாற்றிய வண்டி உரிமையை மீறவில்லை என்று அவ்வாண்டு டிசம்பரில் முடிவாயிற்று. முறைப்படி உரிமம் பெற்று எழுபதாண்டுகளாக அவ்வடிவைக் கட்டிவந்தவரை நோக்கித் திருட்டு என்று சொன்ன நிறுவனம், தன் வடிவை எங்கிருந்து பெற்றது என்பதை அந்த வழக்கில் யாரும் தீர்க்க வேண்டியிருக்கவில்லை.

பேண்டம் 1940இல் ஓட்டிச்சென்று ஒப்படைத்த அந்த முதல் வண்டி இன்று இல்லை. அதைத் தொடர்ந்து கட்டப்பட்டவற்றுள் ஏழாவது வண்டி பிழைத்துக் கிடந்து, பிட்ஸ்பர்க் நகரின் ஹைன்ஸ் வரலாற்று மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பட்லரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அதன் முகத்தில் ஏழு பிளவுகள் கிடையாது.