வணிக வாகன ஓட்டுநர்: தகுதியும் உடற்தகுதியும் (இந்தியா)

லாரி, பேருந்து, வாடகைக் கார், ஆட்டோ, பள்ளி வேன் ஆகியவற்றை இந்தியச் சட்டம் ‘போக்குவரத்து வாகனம்’ என்ற ஒரே வகையில் சேர்க்கிறது. சொந்தக் கடைச் சரக்கை ஏற்றும் சிறு வண்டியும் இதில் அடங்கும். இவற்றை ஓட்டுபவருக்கு வேண்டிய வயது, பயிற்சி, உடல்நிலை ஆகியவற்றை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் வரையறுக்கின்றன. சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் பல பிரிவுகளை மாற்றியது.

வயதும் உரிமமும்

சொந்தக் கார் ஓட்ட 18 வயது போதும். போக்குவரத்து வாகனத்துக்கு 20 நிறைந்திருக்க வேண்டும். அந்த வகைக்குப் பழகுநர் உரிமம் பெறுவதற்கு முன்பே இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். அதாவது யாரும் நேராக ‘ஹெவி லைசென்ஸ்’ எடுத்துவிட முடியாது.

இலகுரக உரிமம் வைத்திருப்பவர் சிறு சரக்கு வண்டியை ஓட்டலாமா என்ற கேள்வி, விபத்து இழப்பீட்டு வழக்குகளில் நெடுங்காலம் இழுபட்டது. தனி ஒப்புதல் இல்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்துவந்தன. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத போக்குவரத்து வாகனத்துக்கு இலகுரக உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது.

படிப்பும் பயிற்சியும்

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. ஹரியாணாவின் மேவாத் பகுதியில் பள்ளிப் படிப்பு இல்லாமலே தலைமுறையாக வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்காக அம்மாநில அரசு விலக்குக் கேட்டதே இதற்கு உடனடிக் காரணம். ஸ்டீயரிங் பிடிக்கும் திறமையை மதிப்பெண் பட்டியல் காட்டாது என்பதால் இது நியாயமான மாற்றமே.

லாரித் தொழிலில் பலர் கிளீனராக ஏறி, ஓட்டுநர் அருகில் உட்கார்ந்தே தொழில் கற்றவர்கள். அந்த அனுபவம் சட்டத்தின் கணக்கில் வராது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்று வேண்டும். 2021 ஜூலை முதல் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்கள் என்ற புதிய ஏற்பாடும் உண்டு. அங்கே கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம் பயிற்சி. முடித்தவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலக ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கு.

நாமக்கல் பக்கத்து கேஸ் டேங்கர் ஓட்டுநர்களைப் போல அபாயகரமான சரக்கு ஏற்றுபவர்களுக்கு மூன்று நாள் சிறப்புப் பயிற்சி கட்டாயம். ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். டேங்கரின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரியாதவர் கசிவு நேரும்போது என்ன செய்வார்?

உடற்தகுதி

விண்ணப்பதாரர் தன் உடல்நிலை குறித்துத் தானே தரும் உறுதிமொழி படிவம் 1. வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்ற கேள்விகள் இதில் உள்ளன. பதிவுபெற்ற மருத்துவர் சோதித்துத் தரும் சான்று படிவம் 1ஏ. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எந்த வயதிலும் இது தேவை. மற்ற உரிமங்களுக்கு 40 வயதுக்கு மேல்தான்.

மருத்துவர் பார்ப்பவை இவை: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண் பலகையை அடையாளம் காண முடிகிறதா, பார்வைக் குறை கண்ணாடியால் சரியாகியிருக்கிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் போன்ற ஒலிகள் காதில் விழுகின்றனவா, வண்டி ஓட்டத் தடையாகக் கை, கால், மூட்டுகளில் ஊனம் உண்டா. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய வேண்டும் என்ற நிபந்தனை 2020 ஜூனில் தளர்த்தப்பட்டது. லேசான, நடுத்தர நிறக்குருடு இனித் தடையில்லை. கடுமையான நிறக்குருடுக்கு மட்டுமே தடை.

இந்தப் பட்டியலில் இருப்பதைவிட இல்லாததே கவனிக்கத் தக்கது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு எதற்கும் படிவம் 1ஏ-வில் தனிக் கேள்வி கிடையாது. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, இரவுப் பயணம், நேரம் தவறிய பரோட்டா என்று வாழும் ஓட்டுநரை முதலில் பிடிப்பவை இந்த நோய்கள்தான். அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையே ஓடும் லாரி ஓட்டுநரின் மருத்துவச் சான்று அதிகபட்சம் 24 மாதமே செல்லும். ரத்த அழுத்தமும் சிறுநீரும் அங்கே கட்டாயச் சோதனை. பிரிட்டனில் லாரி, பேருந்து ஓட்டுநர்கள் 45 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் 65க்குப் பிறகு ஆண்டுதோறும் மருத்துவ அறிக்கை தர வேண்டும்.

இந்தியாவிலோ நிலைமை எதிர்த் திசையில் போனது. மூன்றாண்டாக இருந்த போக்குவரத்து வாகன உரிமத்தின் காலம் 2019 திருத்தத்தால் ஐந்தாண்டானது. ஓட்டுநருக்கு அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் மருத்துவர் முன் நிற்கும் வாய்ப்பும் கூடவே குறைந்துவிட்டது. அபாயகரமான சரக்குக்கான காலமும் ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக நீண்டது.

தூக்கமும் ஓய்வும்

மருத்துவப் படிவம் கேட்காத தூக்கத்தை வேலை நேரச் சட்டம் ஓரளவு கவனித்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொது வரம்பாக நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வும் சொன்னது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில் இந்த வரம்பு பெரும்பாலும் தாளோடு நின்றுவிடுகிறது.

உடற்தகுதிக் கேள்வி உரிமம் பெற்றதோடு முடிவதில்லை. நோயோ குறைபாடோ ஓட்டுநரைத் தகுதியற்றவராக்கிவிட்டதாக நம்பக் காரணம் இருந்தால், எந்த உரிம அதிகாரியும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோயோ குறைபாடோ இருப்பது தெரிந்தும் வண்டி ஓட்டுவது 186ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கான அபராத வரம்பு முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய்.