உடைந்த கலமும் உடையவன் உரிமையும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனத்தை, முதலாம் பராக்கிரமபாகுவினது (1153–1186) எனக் கொண்டு கலாநிதி கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்கு அச்சாசனம் காவல் அளிக்கின்றது. யானை, குதிரை கொணரும் கலம் கெட்டால் காற்கூறு பண்டாரத்துக்கும் முக்காற்கூறு உடையவனுக்கும் உரியன. வாணிகப் பண்டமாயின் சரிபாதி. மன்னனுக்கு யானை, குதிரை மீதிருந்த விருப்பத்தைச் சாசனமே மறைக்கவில்லை. எல்லை கடந்த பொருள் எவருக்குரியது என்பதே வினா.

சாசனப் படங்களைக் கணினிக் கோப்புகளாகப் படியெடுக்கும் வரலாற்று மாணவனும் இவ்வினாவை எதிர்நோக்குகின்றான். 1970களில் உருப்பெற்ற யூனிக்ஸ் முறைமையிலும் அதன் வழிவந்த லினக்ஸிலும் ஒவ்வொரு கோப்பும் உடையவன், குழு, பிறர் ஆகிய மூவகையினர்க்கும் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் அனுமதிகளைத் தாங்கி நிற்கும். விண்டோசுக்கும் பொதுவான ‘எஃப்ஏரி’ அமைப்புடைய பென் டிரைவில் அதனைப் படியெடுத்தால் உள்ளடக்கம் மட்டுமே கரை சேரும். உடையவன் குறிப்பும் அனுமதியும் கடலோடு போம். முன்னதாக ‘டார்’ பொதியாகக் கட்டினால் அவையும் உடன் செல்லும். எனினும், மறுகரையில் தலைமைப் பயனரல்லாத ஒருவர் பொதியை அவிழ்ப்பின், கோப்புகள் அவிழ்த்தவருக்கே உரியனவாகிவிடும். பராக்கிரமபாகுவின் துறையில் அவ்வாறு எடுத்தவன் உடையவனாக இயலாது.