தளவானூர்க் குடைவரையும் செஞ்சி மலையரணும்

தொண்டை நாட்டு வரலாறு கற்பார் பலர் காஞ்சியையும் மாமல்லையையும் கண்ட அளவில் அமைந்துவிடுவர். அந்நாடு தெற்கே நடுநாட்டைத் தழுவும் பகுதியில் குன்றுகள் பல சிதறிக் கிடக்கின்றன. கடற்கரையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை நோக்கிச் செல்வோர்க்கு முதலில் எதிர்ப்படும் மேற்குமலைக் கூட்டம் செஞ்சியே. இக்குன்றுகளை ‘எல்லை மலைகள்’ எனக் கூறுதல் பெருவழக்கு. அஃது எத்துணைப் பொருந்தும் என்பதை அறியும் பொருட்டே யாம் தளவானூரிலிருந்து எம் ஆய்வைத் தொடங்கினோம்.

தளவானூர்க் குன்றின் தென்முகத்தில் முதலாம் மகேந்திரவர்மன் (ஏறத்தாழ கி.பி. 590–630) குடைவித்த சத்துருமல்லேசுவரம் அமைந்துள்ளது. முகப்புத் தூண்களுக்கு மேலே மகர தோரணம் விளங்குகின்றது. இருபுறமும் வாயிற்காவலர் நிற்கின்றனர். அணிமையிலுள்ள மண்டகப்பட்டில், செங்கலும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் சமைத்ததை இவ்வேந்தன் பெருமிதத்துடன் பொறித்துள்ளான். இப்பகுதிக் கருங்கல் அவனுக்குக் கோயிலாயிற்று, கோட்டையாகவில்லை.

தளவானூரில் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் சுலோகம் ஒன்றும் தமிழ்ப்பாட்டு ஒன்றும் உள்ளன. வடமொழிச் சுலோகம், சத்துருமல்லன் என்னும் வேந்தன் இம்மலையில் கோயில் எடுப்பித்தான் என்கின்றது. தமிழ்ப்பாட்டோ, வெண்பேடு என்னும் ஊரின் தென்பால் அக்கோயில் உள்ளதெனக் குறிக்கின்றது. அதனை இயற்றியவன் பிரம்மமங்கலவன் செல்லன் சிவதாசன். தமிழ்க் கல்வெட்டின் எழுத்தமைதி பிற்காலத்தது என்பர் அறிஞர். அதுபற்றி அதனைப் புறக்கணித்தல் ஆகாது. பிற்காலத்தது எனினும், வேந்தன் மறைந்த பின்னரும் அவன் பெயரை இந்நிலத்து மக்கள் தம் மொழியிற் போற்றினர் என்பதற்கு அதுவே சான்றாகும். வடமொழி அரசனைக் கூறுகின்றது. தமிழ் அவனோடு ஊரையும் திசையையும் புலவனையும் கூறுகின்றது. ஈண்டுச் சுட்டப்படும் எல்லை ஓர் ஊரின் எல்லையே. பேரரசின் எல்லை அன்று.

இனி வடக்கே செஞ்சியை நோக்குவோம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில் இணைக்கின்றது. இராசகிரி சமவெளியினின்று ஏறத்தாழ 800 அடி உயர்ந்தது. வெயிலிலும் மழையிலும் பிளந்து உருண்ட பாறைகள், அவற்றின் இடுக்குகளில் முட்புதர்கள், அடிவாரத்தில் நீர்நிலைகள் ஆகியன இங்குள்ள இயற்கைக் காட்சி. இவையே அரணும் ஆயின. இராசகிரி உச்சியை அடையுமுன் மலையில் இயல்பாகவே ஒரு பிளவு உண்டு. அதனைப் பாலத்தாற் கடத்தல் வேண்டும். பாலத்தை நீக்கின் பகைவர் மேற்செல்லல் அரிது. 1597-இல் இங்கு வந்த பிமெண்டா பாதிரியார் நாயக்கர் காலத்துச் செஞ்சியின் சிறப்பைக் கண்டெழுதினார்.

1649-இல் பீசப்பூர்ப் படையும், 1677-இல் சிவாசியும் இதனைக் கைக்கொண்டனர். இராசாராம் இங்கிருந்தபோது தொடங்கிய முகலாயர் முற்றுகை 1690 முதல் 1698 வரை நீண்டது. 1714-இல் தேசிங்கு போரில் வீழ்ந்தான். 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பெற்றனர். புதுவையில் இருந்த பிரெஞ்சுக்காரர்க்குச் செஞ்சி உள்நாட்டு வாயில். பீசப்பூரினர்க்கோ அது கடற்கரைச் சமவெளியின் வாயில். ஒரே மலை ஒருவர்க்குத் தொடக்கமும் மற்றொருவர்க்கு முடிவும் ஆயிற்று. ஆகலின், எல்லையென்பது மலையின் இயல்பன்று. ஆள்வோர் நின்ற இடத்தைப் பொறுத்தது என்பது எம் துணிபு. மகேந்திரன் பாறையை உள்நோக்கிக் குடைந்தான். பின்வந்தோர் அதன்மேல் மதிலை எழுப்பினர். கல் ஒன்றே, காலமே வேறு.

2025-இல் செஞ்சிக்கோட்டை, மராத்தியர் அரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. இது மகிழ்தற்குரியது. எனினும் மராத்தியர் காலம் ஓர் அடுக்கே. அதன்கீழ் நாயக்கர் அடுக்கும், சூழவுள்ள குன்றுகளில் பல்லவர் அடுக்கும் சமணர் அடுக்கும் உள்ளன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரை ஒரு பாறையே நினைவூட்டுகின்றது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அங்குள்ளன. கருங்கல் வெட்டும் தொழில் பெருகியுள்ள இம்மாவட்டத்தில், பெயரறியாச் சிறு குன்றும் ஏடாக இருத்தல் கூடும். ஓலை அழியின் படியெடுத்த ஏடு எங்கேனும் கிடைக்கலாம். பாறை அழியின் அதற்கு மறுபடி இல்லை.

ஆதலின் ஆய்வு மாணவர் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதிகளோடு அமையாது, அவை நிற்கும் இடத்தையும் சென்று காணல் வேண்டும். வெண்பேட்டின் தென்பால் எனப் பாடிய புலவன், படிப்பவன் குன்றின்முன் நிற்பான் என்று எண்ணியே பாடினான். அவன் எண்ணம் பொய்யாகாவண்ணம் காத்தல் நம் கடன்.