நுரை வராத தண்ணீர்

1840களில் அபர்தீன் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க ஒரு வழி சொன்னார். சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் விட்டுக் குலுக்க வேண்டும். நுரை நிலைத்து நிற்கும்வரை எவ்வளவு கரைசல் செலவாகிறதோ அதுவே கணக்கு. அந்த அளவுக்கு ‘கிளார்க் பாகை’ என்றே பெயர். துவைகல்லில் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த சோதனை சீசாவுக்குள் போனதும் அறிவியலாயிற்று. அங்கே அது அரசின் காதிலும் விழுந்தது. லண்டன் குடிநீர் பற்றிய 1850ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார வாரிய அறிக்கை, கடின நீரால் வீணாகும் சோப்பை ஒரு பெரிய வாதமாக முன்வைத்தது.

கொங்கு நாட்டில் அந்தக் கணக்கை எழுதியவர் யார்? ‘கடின நீர்’ என்பது பாடப்புத்தகத்தில் நான் கற்ற சொல். என் அம்மாவுக்கு அது உப்புத் தண்ணி. பருப்பு வேகாத தண்ணி. நீரிலுள்ள கால்சியம் பருப்பின் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். எத்தனை விறகு வைத்தாலும் மலராது. பருப்பு வேகவில்லையென்றால் வசவு தண்ணீருக்கு விழாது, மருமகளுக்குத்தான் விழும். அதனால் ஆப்பசோடா ஒரு சிட்டிகை, முதல்நாளே ஊறவைத்தல், கூரையிலிருந்து வழியும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்துவைத்தல் எனப் பலவும் செய்தார்கள். இல்லையேல் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடை. அந்தக் கிணறு பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினருடையது. தலித் பெண்கள் யாராவது இறைத்து ஊற்றும்வரை எட்டி நின்று காத்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே மாதிரி உப்பாக இருந்ததில்லை.

தலைக்குக் கஞ்சியில் கரைத்த அரப்பு. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகித் தலையில் ஒட்டிக்கொள்ளும்; அரப்பும் சீயக்காயும் அப்படி ஒட்டுவதில்லை. வண்ணார்ப் பெண்கள் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. அது கால்சியத்தைப் பிரித்துப் படியவைத்துவிடும். தண்ணீரை மென்மையாக்கப் பிற்காலத்தில் கடையில் விற்ற சலவைச் சோடாவும் இதே பொருள்தான். இந்த அறிவுக்கு யார் பெயரையும் யாரும் வைக்கவில்லை. செய்தவர்களை ‘அழுக்கு வெளுப்பவர்கள்’ என்று ஊரின் ஓரத்தில் வைத்தார்கள்.

கோவைக்குப் பக்கத்திலுள்ள மதுக்கரையின் சுண்ணாம்புக் கல்லை நம்பி 1930களில் சிமெண்ட் ஆலை வந்தது. பாறையிலிருந்தால் அது மூலப்பொருள், குடத்தில் படிந்தால் புளிபோட்டுத் தேய்க்க வேண்டிய காரை. ஏறக்குறைய அதே காலத்தில் நகரத்துக்குச் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்தது. மலைக்காட்டு மழைநீர் அது, சுண்ணாம்பு கரைய நேரமில்லாமல் ஓடிவருவது. அதன் சுவையை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். குழாய் எட்டாத கிராமங்களில் நடை குறையவில்லை.

பிறகு ஆழ்துளைக் கிணறுகள். இந்தியா மார்க் 2 கைப்பம்பை 1970களில் சோதித்துப் பார்த்தது கோவை வட்டாரத்தில்தான். மூடிய குழாய் என்பதால் காலராவுக்கும் நரம்புச் சிலந்திக்கும் அஞ்ச வேண்டாம். அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆழத்தில் பாறையோடு நெடுநாள் கிடந்த நீர் பல ஊர்களில் கிணற்று நீரைவிட உப்பாக இருந்தது. கடினத்தன்மை கொள்ளை நோயில்லை. அது கேட்டது விறகும் சோப்பும் பெண்களின் நேரமும். அவை திட்டக் கணக்கில் வருவதில்லை. இன்றைய இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாதபோது 600வரை அனுமதி. இல்லாதவர்கள் யார் என்று தெரியும்.

உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் சலவைத்தூள்கள் 1959இல் சர்ஃபாகவும் 1969இல் நிர்மாவாகவும் வந்தன. கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது உண்மை. விளம்பரங்கள் பேசியது வெண்மையைப் பற்றி.

இப்போது எங்கள் அடுக்ககத்தில் குடிக்க ஆர்.ஓ. இருக்கிறது. பாத்திரம் துலக்க வரும் பெண் குழாயைத் திறந்து, ஈரக் கையில் சோப்பைத் தேய்த்துப் பார்ப்பார். விரல் இடுக்குகளில் வெடிப்பு. “போர்த் தண்ணி உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்கக்கா” என்பார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோப்பு எடுப்பார்.