பேச்சிழந்த படைப்பு
ஃபிராங்கன்ஸ்டைன் புதினமும் அதன் திரைவடிவங்களும்

நூலொன்று திரைப்படமாகும்போது வாசகர் மனத்தில் முதலில் எழும் வினா, "கதையை மாற்றிவிட்டார்களா?" என்பதுதான். நம் வட்டத்தின் கூட்டங்களிலும் இவ்வினா பலமுறை எழுந்து, தேநீர் ஆறிப்போகும் வரை வாதிடப்பட்டிருக்கிறது. இதற்கு நம் இலக்கண நூலார் முன்பே ஒரு விடை சொல்லி வைத்துள்ளனர். முதல்நூலின் முடிபோடு ஒத்து நின்று, தனக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்துக்கொள்வது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. வேறுபடுதல் குற்றமன்று, முடிபில் பிழைபடுதலே குற்றம். இவ்வளவுகோலைக் கைக்கொண்டு, அறிவியல் புனைகதையின் முதல் நூலென்று பலரும் போற்றும் ஒரு புதினம் திரையில் பட்ட பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்புதினம், மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'.

முதற்கண் என் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டையான உச்சந்தலை, கழுத்தின் இருபுறமும் ஆணி, கனத்துத் தொங்கும் இமைகள் என, பள்ளிநாளில் தொலைக்காட்சியில் பார்த்த முகமே ஃபிராங்கன்ஸ்டைன் என்று நம்பி வளர்ந்தவள் நான். விரிவுரையாளரான பின்னும் சில ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே சொல்லி வந்தேன். "அது படைத்தவனின் பெயர் அம்மா, படைக்கப்பட்டதற்குப் பெயரே கிடையாது" என்று ஒரு மாணவி எழுந்து திருத்தினாள். அன்று மாலையே நூலகத்தில் அப்புதினத்தைத் தேடி எடுத்தேன். படித்து முடித்தபோது வியப்பினும் வெட்கமே மிகுந்தது. ஊமையென்று நான் எண்ணியிருந்த அவ்வுயிர், நூலில் வரும் எல்லோரையும்விட நன்றாகப் பேசுகிறது!

நூல் பிறந்த கதை நம்மில் பலரும் அறிந்ததே. 1815ஆம் ஆண்டு இன்றைய இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துச் சிதற, அதன் சாம்பல் வானை மூடியதால் 1816இல் ஐரோப்பா கோடையை இழந்தது. ஜெனீவா ஏரிக்கரை மாளிகையில் மழையால் அடைபட்டிருந்த பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார். இரு பெருங்கவிஞர்கள் தொடங்கிய கதைகள் நிறைவுபெறவில்லை. பதினெட்டு வயதுப் பெண் எழுதத் தொடங்கியதே நிலைபெற்றது. 1818 சனவரி முதல் நாள் அந்நூல் ஆசிரியர் பெயரின்றி 500 படிகள் வெளிவந்தது. முன்னுரையைப் பெர்சி ஷெல்லி எழுதியிருந்தமையால் நூலும் அவருடையதே என்று எண்ணியோர் பலர். இதனை அறிவியல் புனைகதையின் தொடக்கம் என்று 1973இல் வலியுறுத்தியவர் பிரையன் ஆல்டிஸ். பேய்க்கும் மந்திரத்துக்கும் இடமின்றி, ஆய்வும் உழைப்புமே உயிரை ஆக்கும் கதை என்பதால் அக்கூற்று பொருந்துகிறது.

புதினத்தின் அமைப்பு பெட்டிக்குள் பெட்டி போன்றது. வடதுருவக் கடலில் பயணம் செய்யும் வால்டன் தன் தமக்கைக்கு எழுதும் கடிதங்கள் வெளிப்பெட்டி. அவன் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றிய விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் கூறும் வரலாறு நடுப்பெட்டி. அவ்வரலாற்றின் உள்ளே, நூலின் நெஞ்சுபோல் அமைந்திருப்பது, படைக்கப்பட்ட உயிர் தானே தன் வாய்மொழியாகக் கூறும் கதை.

அக்கதை, ஓர் உயிர் மொழியைக் கற்ற வரலாறாகும். கண் திறந்த கணத்திலேயே படைத்தவனால் கைவிடப்பட்ட அவ்வுயிர் காட்டில் அலைந்து, நாடுகடத்தப்பட்ட ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் பதுங்குகிறது. சுவரின் விரிசல் வழியே அவர்கள் வாழ்வைப் பார்க்கிறது; வாயினின்று எழும் ஒலிகளுக்குப் பொருள் உண்டென்று உணர்கிறது. நெருப்பு, பால், ரொட்டி, விறகு ஆகியவை அது முதலில் கற்ற சொற்களுள் அடங்கும். பின்னர் அவ்வீட்டிற்கு வந்த சாஃபி என்னும் அயல்நாட்டுப் பெண்ணுக்கு அவர்கள் மொழி கற்பிக்க, சுவருக்கு இப்பாலிருந்து இதுவும் கற்கிறது. காட்டில் கிடந்த தோற்பையில் மில்டனும் புளூடார்க்கும் கெதேயும் கிடைக்கின்றனர். மொழியறிவு பெற்றபின்னரே தான் தனியன் என்னும் துன்பமும் அதற்கு முழுமையாக விளங்குகிறது. கவிஞர்களாகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை.

மேலும் மூன்று இடங்கள் கூர்ந்து நோக்கத்தக்கன. குடிசையின் முதியவர் டி லேசி பார்வையற்றவர். மற்றவர் வெளியே சென்ற நேரம் பார்த்து அவ்வுயிர் அவரிடம் சென்று பேசுகிறது. முகத்தைக் காண இயலாத அவர், அதன் சொல்லிலேயே உண்மையைக் கண்டு பரிவு காட்டுகிறார். மகன் உள்ளே நுழைந்து, கண்ணால் கண்டதும் கம்பால் அடிக்கிறான். இரண்டாவது, ஆல்ப்ஸ் பனிமலையில் விக்டர் தன் படைப்பை வெறுத்து, கண்முன் நில்லாதே என விரட்டும் இடம். அவ்வுயிர் தன் கைகளால் அவன் கண்களை மூடி, இனி நீ என்னைக் காணவேண்டா, கேட்கலாமன்றோ என்னும் கருத்துப்படப் பேசுகிறது. மூன்றாவது, நூலின் இறுதி. விக்டரின் பிணத்தருகே அதனைக் காணும் வால்டன் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான். அதன்பிறகே அதன் பேச்சைக் கேட்கிறான்.

காண்பவர் யாவரும் வெறுக்க, காணாது கேட்பவர் இரங்குகின்றனர். அச்சிட்ட தாளைப் படிக்கும் நாமும் அப்பார்வையற்ற முதியவரின் நிலையிலேயே இருக்கிறோம். இதுவே இந்நூலின் முடிபு என்று நான் கொள்கிறேன். திரைப்படமோ கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லும் கலை. ஆகவே இந்நூலுக்கு மெய்யாக நிற்பது திரைக்கலைக்கு இயல்பிலேயே அரியதொரு செயல்.

மேடையிலிருந்து திரைக்கு

பேச்சைப் பறித்தது திரையன்று, மேடை. 1823 சூலையில் லண்டனில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் எழுதிய நாடகம் அரங்கேறியது. இசையும் ஊமைநடிப்பும் விரவிய அக்கால நாடக மரபிற்கேற்ப அதில் அவ்வுயிர் வாய் பேசாதது. விக்டருக்கு ஃபிரிட்ஸ் என்ற பணியாள் வாய்த்ததும் அந்நாடகத்தில்தான். புதினத்தில் விக்டர் தனியனாகவே உழைக்கிறான். முந்தைய ஆண்டு கணவரைக் கடலில் பறிகொடுத்து இங்கிலாந்து திரும்பியிருந்த மேரி ஷெல்லி, ஆகஸ்டு 29ஆம் நாள் அந்நாடகத்தைக் கண்டார். கதையை நடத்திய முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும் பாத்திரப் பட்டியலில் அவ்வுயிரின் பெயருக்குரிய இடத்தில் வெறுங்கோடு இட்டிருந்தது பிடித்திருந்தது. நடித்தவர் டி. பி. குக். கேட்கும் ஒலியைக் கையால் பற்ற முயல்வதுபோல் அவர் நடித்ததை மேரி பாராட்டிக் கடிதம் எழுதினார். மொழியைப் பிடிக்க நீண்ட அக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் அது மீண்டும் வரும்.

1910இல் எடிசன் நிறுவனத்தாருக்காக ஜே. சியர்ல் டாலி எடுத்த ஒரு சுருள் படமே முதல் திரைவடிவம். கொப்பரையில் வேதிப்பொருள்களைக் கொட்ட, புகைக்கிடையே எலும்பும் தசையும் கூடி எழுகின்றன. எரியும் பொம்மையைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டிய உத்தி அது. தம் படம் ஷெல்லி அம்மையாரின் கதையைத் தாராளமாக மாற்றியமைத்தது என்று அவர்களே முதற்பலகையில் அறிவித்துவிட்டனர். பின்வந்தோர் பலரிடம் இந்நேர்மையைக் காணவில்லை.

உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது 1931இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்தையே. அது புதினத்திலிருந்து நேரே பிறந்ததன்று. 1927இல் பெக்கி வெப்ளிங் எழுதிய நாடகத்தையும் இடையில் வைத்துத் தோன்றியது. நன்னூலாரைக் கேட்டால் அதனைச் சார்புநூல் என்பார். விக்டர் அங்கே ஹென்றியாகிறான். ஃபிரிட்ஸ் கூனனாகத் திரும்பி வருகிறான். இவையெல்லாம் பொறுக்கத்தக்க வேறுபாடுகள். பொறுக்கவியலாதது ஒன்றுண்டு. நல்ல மூளையிருந்த கண்ணாடிச் சாடியைக் கைதவறி உடைத்த ஃபிரிட்ஸ், குற்றவாளி ஒருவனின் மூளையை எடுத்து வருகிறான். அவ்வுயிர் கொடியதாவது அதனாலேயே என்று படம் குறிப்பு வைக்கிறது. அன்பு மறுக்கப்பட்டதால் தீயவனானேன் என்பதன்றோ புதினத்தில் அதன் வாக்குமூலம்! அவ்வாக்குமூலம் சொல்ல வாயுமில்லை, சொல்வதற்குக் காரணமுமில்லை. பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், நூல் முழுதும் பேசிய உயிருக்கு முனகல் மட்டுமே கிடைத்தது முரணே.

எனினும் அப்படத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். தொடக்கப் பெயர்ப்பட்டியலில் நடிகர் போரிஸ் கார்லாஃபின் பெயர் இல்லை. வினாக்குறி மட்டுமே உண்டு. 1823இன் வெறுங்கோடு அவ்வாறு திரும்பி வந்தது. இருண்ட அறையின் கூரைச்சாளரத்தைத் திறக்க, மேலிருந்து விழும் ஒளியை நோக்கி கார்லாஃப் இரு கைகளையும் உயர்த்துகிறார். ஒளியைப் பற்ற முயல்கிறார். மேடையில் ஒலியைப் பற்ற நீண்ட கை, திரையில் ஒளியைப் பற்ற நீள்கிறது. வேலுக்கும் கார்லாஃபுக்கும் மேரியின் கடிதம் தெரிந்திருந்ததோ இல்லையோ, சொல் பறிபோன பிறகும் ஏக்கத்தைக் காக்க நடிப்பால் இயன்றது அவ்வளவு. அந்த ஒரு காட்சிக்காக மூளைச்சாடியைப் பாதி மன்னிக்கலாம்.

மறுபாதியை 1935இல் வேலே ஈடுசெய்தார். 'ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகள்' என்ற தொடர்ச்சிப் படத்தில், காட்டில் ஓடிவரும் அவ்வுயிர் பிடில் இசையால் ஈர்க்கப்பட்டு, பார்வையற்ற துறவி ஒருவரின் குடிலை அடைகிறது. அவர் அதற்கு ரொட்டி, நண்பன், நல்லது முதலிய சில சொற்களைக் கற்பிக்கிறார். முந்தைய படம் விட்டுவிட்ட டி லேசியே வேறு உருவில் வந்தார் எனலாம். கண்ணுள்ளோர் இருவர் நுழைந்ததும் எல்லாம் கலைகிறது. அவ்வுயிர் பேசுவது தவறென்று கார்லாஃப் கருதினார் என்பது வியப்பான செய்தி. ஒரு நடிகராக அவர் பக்கம் நியாயம் இருக்கலாம், ஆனால் மேரியின் பக்கம் நின்றவர் வேல். 1939இல் மூன்றாம் படம் வந்தபோது வேல் இல்லை. கற்ற சொற்களும் மறைந்துவிட்டன.

1957இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனத்தார் எடுத்த வண்ணப்படத்தில் கதையின் முழு ஆர்வமும் படைத்தவன்மேல். கிறிஸ்டோபர் லீ நடித்த உயிர் வாய் திறப்பதில்லை. 1973இல் 'உண்மைக் கதை' என்று பெயர் சூட்டி வந்த தொலைக்காட்சிப் படத்தில் அது பேசுகிறது. ஆனால் அழகனாகப் பிறந்து பின்னர் உருக்குலைகிறது. பிறந்த கணமே வெறுக்கப்பட்ட உயிர் என்னும் அடித்தளம் அதனால் சரிகிறது. உண்மை என்று தலைப்பிலேயே கூறிக்கொள்ளும் நூல்களிடம் நாம் கொள்ளும் ஐயம் படங்களுக்கும் பொருந்தும்போலும்.

1994இல் கென்னத் பிரானா ஒருபடி மேலே சென்று 'மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன்' என ஆசிரியர் பெயரையே தலைப்பில் ஏற்றினார். வடதுருவக் கப்பலும் வால்டனும் திரும்பினர். குடிசையும் பார்வையற்ற முதியவரும் திரும்பினர். ராபர்ட் டி நிரோ பனிக்குகையில் அமர்ந்து, தான் எவற்றால் ஆனவன் என்று படைத்தவனிடம் வினவுகிறார். நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தால் இதற்கு மதிப்பெண் கூடுதலே. எனினும், புதினம் ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடும் படைப்புச் செயலைப் படம் செப்புக்கொப்பரையும் மின்விலாங்குகளுமாக விரித்துக் காட்டுகிறது. இறந்த எலிசபெத்தை விக்டர் மீண்டும் உயிர்ப்பிக்கும் நிகழ்ச்சியும் புதினத்தில் இல்லை. அங்கே அவன் அரைகுறையாய் ஆக்கிய பெண்ணுருவைத் தன் கையாலேயே சிதைத்துவிடுகிறான். டி நிரோ பேசிய சில நிமிடங்களே என் நினைவில் நிற்கின்றன.

2025இல் வெளிவந்த கியெர்மோ டெல் டோரோவின் படம் எண்ணிக்கைக் கணக்கில் மிகவும் பிறழ்ந்தது. காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. எலிசபெத் விக்டரின் தம்பிக்கு நிச்சயிக்கப்பட்டவளாகிறாள். படைத்தவன் தன் படைப்பைச் சிலகாலம் உடன் வைத்திருக்கிறான். இறுதியில் மன்னிப்பும் உண்டு. மன்னிப்பு எனக்கு உடன்பாடில்லை. மேரி அவ்வளவு எளிதில் யாரையும் விடுவிக்கவில்லை. எனினும் அப்படம் இரு பகுதிகளாக அமைந்து, முதற்பகுதி விக்டரின் கதையாகவும் மறுபகுதி அவ்வுயிரின் கதையாகவும் விரிகிறது. முதலில் விக்டரின் பெயரை மட்டுமே சொல்லத் தெரிந்த வாய், பார்வையற்ற முதியவரிடம் மொழி கற்றுத் தன் வரலாற்றைத் தானே கூறுகிறது. 1823இல் பறிபோனது இத்தனை முறை கைமாறி உரியவரிடம் வந்துசேர 200 ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கிறது. கதையை இவ்வளவு மாற்றிய படத்தைத்தான் நான் வழிநூல் என்பேன். பெயரைத் தலைப்பில் ஏற்றியதை அவ்வாறு சொல்லத் தயங்குவேன்.

இன்னொன்றும் கவனித்தேன். மேரியின் பக்கம் வர முயன்ற படங்கள், 1935, 1994, 2025 ஆகிய மூன்றும், பார்வையற்ற முதியவரை விடவில்லை. கண்ணுக்குரிய கலையினர் கேட்கும் ஒருவரைக் கதைக்குள் தேடிக் கொணர்ந்து அமர்த்தியிருக்கின்றனர்.

இப்போதெல்லாம் வகுப்பில் இப்பாடம் வரும்போது எப்படத்தையும் முதலில் காட்டுவதில்லை. குடிசைப் பகுதியை நானே தமிழில் சொல்லிப் படிக்கிறேன். சென்ற ஆண்டு, அவ்வுயிர் முதியவரின் கையைப் பற்றும் இடத்தில் மணி அடித்துவிட்டது. புத்தகத்தை மூடினேன். பிள்ளைகள் எழவில்லை. "வெளியே போனவர்கள் எப்போது வருவார்கள் அம்மா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.